குடலுக்குள் ஒரு கழிமுகம்

முன்னுரை

புதுச்சேரி நகரின் தென்புறத்தில், ஆறும் கடலும் சந்திக்கும் இடத்தை ஒட்டி அமைந்த பகுதி தேங்காய்த்திட்டு. அங்குள்ள மீன்பிடித் துறைமுகத்தை நம்மில் அறியாதவர் இலர். ஆனால் அதனை அடுத்த கழிமுகத்தில் நிற்கும் அலையாத்தி மரங்களைக் கூர்ந்து பார்த்தவர்கள் சிலரே. அம்மரங்களின் இலைகள் ஆண்டு முழுவதும் உதிர்ந்து சேற்றில் விழுகின்றன. நாரும் துவர்ப்பும் கொண்ட அந்த இலையை மீன்குஞ்சும் இறாலும் அப்படியே தின்று செரித்துக்கொள்வது அரிது. அப்படியிருந்தும், அலையாத்திக் காடு உள்ள கழிமுகங்களிலேதான் மீனும் இறாலும் நண்டும் செழித்து வளர்கின்றன. இது எவ்வாறு நிகழ்கிறது?

1970-களில் அமெரிக்காவின் புளோரிடாக் கழிமுகங்களை ஆராய்ந்த ஓடம், ஹீல்டு ஆகிய இரு விஞ்ஞானிகள் இதற்கு விடை கூறினர். உதிர்ந்த இலையை முதலில் பாக்டீரியாவும் பூஞ்சையும் பற்றிக்கொள்கின்றன. அவற்றின் செயலால் இலை மென்மையாகித் துகளாகிறது. அதில் புரதச் சத்தும் கூடுகிறது. அதன் பிறகே அது சிற்றுயிர்களுக்கு உணவாகிறது. மரத்துக்கும் மீனுக்கும் இடையே கண்ணுக்குத் தெரியாத ஒரு சமையற்கூடம் இயங்குகிறது என்று இதனைச் சொல்லலாம்.

அதே போன்றதொரு சமையற்கூடம் நம் ஒவ்வொருவருடைய பெருங்குடலிலும் உண்டு. நாம் உண்ணும் தாவர உணவில் நம்மால் செரிக்க இயலாத பகுதியை நுண்ணுயிர்கள் எடுத்துக்கொண்டு, நம் உடலுக்குப் பயன்படும் பொருள்களாக மாற்றித் தருகின்றன. அவை யாவை, அவற்றுக்கும் சர்க்கரை நோய்க்கும் என்ன தொடர்பு என்பனவற்றை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

இது நமக்கு ஏட்டுக் கல்வி மட்டுமன்று. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் குழுவின் ஆதரவில் 2008 முதல் 2020 வரை நாடெங்கும் நடந்த பெரிய ஆய்வின் முடிவுகள் 2023-ல் வெளிவந்தன. இருபது வயதைக் கடந்த 1,13,043 பேரிடம் நடத்தப்பட்ட ஆய்வு அது. நாடு முழுமைக்கும் சர்க்கரை நோயின் அளவு 11.4 சதவிகிதம். கோவாவில் 26.4, அதற்கு அடுத்த நிலையில் நம் புதுச்சேரியில் 26.3 சதவிகிதம். வளர்ந்தவர் நால்வரில் ஒருவருக்கு மேல்! ஒவ்வொரு வீட்டிலும் ஒரு மாத்திரைப் பெட்டி இருப்பதன் பொருள் இதுதான்.

குடல்வாழ் குடிமக்கள்

மனிதக் குடலில் வாழும் பாக்டீரியாக்களை முறையாக ஆராய்ந்தவர்களில் முன்னோடி ஜெர்மானியக் குழந்தை மருத்துவர் எஷரிக். அவர் 1885-ல் கண்டு விவரித்த உயிரியே இன்று நாம் தாவரவியல், விலங்கியல் பாடங்களில் படிக்கும் எஷரிக்கியா கோலை. பின்னர் பாரிஸ் பாஸ்டர் நிலையத்தைச் சேர்ந்த டிஸ்சியே, தாய்ப்பால் குடிக்கும் குழந்தைகளின் குடலில் கிளைத்த வடிவமுள்ள ஒருவகைப் பாக்டீரியா மிகுந்திருப்பதைக் கண்டார். பிஃபிடோபாக்டீரியம் எனப்படுவது அதுவே. அதே நிலையத்தில் பணியாற்றி 1908-ல் நோபல் பரிசு பெற்ற மெச்னிக்காஃப், புளித்த பாலில் உள்ள நுண்ணுயிர்கள் ஆயுளை நீட்டும் என்று வாதிட்டார். நம் பாட்டிமார் மோருக்குக் கொடுத்த மதிப்பை அவர் ஆய்வுக்கூடத்தில் கொடுத்தார் எனலாம்.

இவ்வுயிர்கள் எத்தனை? 2016-ல் வெளியான கணக்கீட்டின்படி, சராசரி மனித உடலில் ஏறத்தாழ 38 லட்சம் கோடி பாக்டீரியாக்கள் வாழ்கின்றன. நம் சொந்தச் செல்களோ ஏறத்தாழ 30 லட்சம் கோடி. அத்தனை பாக்டீரியாக்களையும் சேர்த்து நிறுத்தால் 200 கிராம்தான் இருக்கும். அவற்றின் பெரும்பகுதி தங்கியிருப்பது பெருங்குடலில்.

இக்குடிமக்களுக்கு உணவளிக்க வேண்டும் என்பதை இயற்கை எவ்வளவு முக்கியமாகக் கருதுகிறது என்பதற்குத் தாய்ப்பாலே சான்று. லாக்டோஸ், கொழுப்பு ஆகியவற்றுக்கு அடுத்தபடியாகத் தாய்ப்பாலில் மிகுதியாக உள்ள திடப்பொருள், குழந்தையால் செரிக்கவே இயலாத ஒருவகைச் சர்க்கரைத் தொடர்கள். செரிக்காத ஒன்றைத் தாயின் உடல் பாடுபட்டு ஏன் உண்டாக்க வேண்டும்? குழந்தையின் குடலிலுள்ள பிஃபிடோபாக்டீரியங்கள் அதனை உண்டு பெருகுகின்றன. தாய் தன் பிள்ளைக்கு மட்டும் பாலூட்டவில்லை. பிள்ளைக்குள் வாழும் உயிர்களுக்கும் சேர்த்தே ஊட்டுகிறாள்.

செரிக்காதது வீணன்று

சோறு, இட்லி, ரொட்டி ஆகியவற்றிலுள்ள மாவுச்சத்தின் பெரும்பகுதி சிறுகுடலிலேயே குளுக்கோசாக மாறி இரத்தத்தில் கலந்துவிடுகிறது. செல்லுலோஸ், பெக்டின், இனுலின், பருப்பு வகைகளிலுள்ள ராஃபினோஸ் போன்றவற்றை உடைக்கும் நொதிகள் நம் உடலில் இல்லை. மாவுச்சத்திலும் ஒரு சிறு பகுதி நொதிகளுக்கு இணங்காமல் தப்பிவிடுகிறது. இதனை 'எதிர்ப்பு மாவுச்சத்து' என்பர். இவை யாவும் பெருங்குடலை அடைந்து பாக்டீரியாக்களின் உணவாகின்றன. பருப்பு மிகுதியாக உண்ட நாளில் வயிற்றில் வாயு சேர்வது அவை விருந்துண்டதன் அடையாளமே!

இந்த நொதித்தலின்போது மூன்று சிறு கொழுப்பமிலங்கள் உண்டாகின்றன. ஒன்று அசிட்டிக் அமிலம்; வினிகரில் உள்ளதும் இதுவே. இரண்டாவது புரோப்பியானிக் அமிலம். மூன்றாவது பியூட்டிரிக் அமிலம். வெண்ணெய் கெட்டுப்போகும்போது வீசும் வாடைக்குக் காரணமானது. மாடு வைக்கோலைத் தின்று உயிர்வாழ்வதும் பால் தருவதும் அதன் இரைப்பையில் நுண்ணுயிர்கள் ஆக்கித் தரும் இதே அமிலங்களால்தான். நம் உடலில் இவற்றின் பங்கு மாட்டைக் காட்டிலும் மிகக் குறைவு. எனினும் புறக்கணிக்கத்தக்கதன்று.

பெருங்குடலின் உட்சுவரிலுள்ள செல்கள் தமக்கு வேண்டிய சக்தியில் பெரும்பகுதியைப் பியூட்டிரேட்டிலிருந்தே பெறுகின்றன. புரோப்பியோனேட் கல்லீரலுக்குச் செல்கிறது. அசிட்டேட் இரத்தத்தில் கலந்து உடலெங்கும் சென்று பயன்படுகிறது. மேலும், இவ்வமிலங்கள் குடற்சுவரிலுள்ள சில செல்களைத் தூண்டி ஜி.எல்.பி.-1 என்னும் ஹார்மோனைச் சுரக்கச் செய்கின்றன. உணவு உண்டபின் இன்சுலின் சுரக்கத் துணை செய்வதும், போதும் என்ற நிறைவை மூளைக்கு உணர்த்துவதும் இந்த ஹார்மோனின் பணிகள். இன்று சர்க்கரை நோய்க்கும் உடற்பருமனுக்கும் அதிக விலையில் விற்கப்படும் ஊசிமருந்துகள் சில இதனைப் போலச் செயல்படும் பொருள்களே.

வேலூர் கண்ட உண்மை

செரிக்காத மாவுச்சத்து உயிர் காக்கவும் உதவும் என்பதை மெய்ப்பித்துக் காட்டிய ஆராய்ச்சி நமக்கு அருகில், வேலூர் கிறித்துவ மருத்துவக் கல்லூரியில் நடந்தது. அதன் பின்னணியைச் சற்று அறிந்துகொள்வோம்.

1971-ல் வங்கதேச அகதி முகாம்களில் காலரா பரவியபோது, டாக்டர் திலீப் மகலநாபிஸ் உப்பும் குளுக்கோசும் கலந்த நீரைக் குடிக்கக் கொடுத்துப் பல்லாயிரம் பேரைக் காப்பாற்றினார். அம்முறை உலகெங்கும் பரவியது. அதில் ஒரு குறை இருந்தது. இழந்த நீரை அது ஈடு செய்தது. ஆனால் வயிற்றுப்போக்கின் அளவைக் குறைக்கவில்லை. போக்கு நிற்காததைக் கண்ட தாய்மார்கள் மருந்தில் நம்பிக்கை இழந்தனர்.

வேலூரில் டாக்டர் ராமகிருஷ்ணா, டாக்டர் மாத்தன் ஆகியோர் பெருங்குடலின் பக்கம் கவனத்தைத் திருப்பினர். பாக்டீரியாக்கள் ஆக்கும் சிறு கொழுப்பமிலங்கள் உட்கவரப்படும்போது அவற்றோடு சோடியமும் நீரும் உட்செல்கின்றன. கடும் வயிற்றுப்போக்கின்போது இவ்வமிலங்கள் குறைந்துவிடுகின்றன. அப்படியானால் பாக்டீரியாக்களுக்கு உணவு கொடுத்தால் என்ன?

காலராவால் பாதிக்கப்பட்ட 48 பேர் மூன்று பிரிவாக்கப்பட்டனர். ஒரு பிரிவினருக்கு வழக்கமான உப்பு-சர்க்கரைக் கரைசல். இரண்டாம் பிரிவினருக்கு லிட்டருக்கு 50 கிராம் அரிசிமாவு சேர்த்த கரைசல். மூன்றாம் பிரிவினருக்கு லிட்டருக்கு 50 கிராம் எதிர்ப்பு மாவுச்சத்து, அதாவது தனிவகை மக்காச்சோள மாவு, சேர்த்த கரைசல். வழக்கமான கரைசல் பெற்றவர்களுக்கு வயிற்றுப்போக்கு சராசரியாக 91 மணி நேரம் நீடித்தது. எதிர்ப்பு மாவுச்சத்துப் பெற்றவர்களுக்கு அது 57 மணி நேரத்தில் நின்றது. அரிசிமாவு இரண்டுக்கும் இடையே நின்றது. இம்முடிவு 2000-ஆம் ஆண்டில் அமெரிக்காவின் புகழ்பெற்ற மருத்துவ இதழொன்றில் வெளிவந்தது. நோயாளிக்குக் கொடுக்கப்பட்டதாகத் தோன்றிய மாவு, உண்மையில் அவருடைய பாக்டீரியாக்களுக்குக் கொடுக்கப்பட்ட மருந்து.

2001-ல் வங்கதேசத்தில் நாட்பட்ட வயிற்றுப்போக்கால் வாடிய குழந்தைகளுக்கு வேகவைத்த வாழைக்காய் கொடுத்தபோதும் நற்பயன் விளைந்தது. வாழைக்காயில் எதிர்ப்பு மாவுச்சத்து மிகுதி என்பது இங்குக் கருதத்தக்கது.

தவிட்டைத் தொலைத்த கதை

இனிச் சர்க்கரை நோய்க்கு வருவோம். நெல்லின் உமியை மட்டும் நீக்கினால் கிடைப்பது தவிடுள்ள அரிசி. அதனை ஆலையில் தீட்டும்போது தவிடும் முளையும் போய்விடுகின்றன. நாரும், வைட்டமின்களும், பல தாவரப் பொருள்களும் அவற்றோடு போகின்றன. எஞ்சுவது விரைவில் குளுக்கோசாகும் வெண்மையான மாவு. கைக்குத்தல் அரிசி மறைந்து தீட்டிய அரிசி வந்ததும், தட்டில் அதுவே மலைபோலக் குவிந்ததும் ஓரிரு தலைமுறைக்குள் நடந்தவை. நம் ஊரில் காலைக்கும் மாலைக்கும் மைதா ரொட்டியும் பரோட்டாவும் சேர்ந்துகொண்டன.

சென்னை நீரிழிவு ஆராய்ச்சி நிறுவனத்தார் நகர மக்களிடையே நடத்திய ஆய்வு 2009-ல் வெளிவந்தது. தீட்டிய தானியத்தை மிகுதியாக உண்பவரிடம் சர்க்கரை நோய் மிகுதி என்றும், நார்ச்சத்து மிகுதியாக உண்பவரிடம் குறைவு என்றும் அது காட்டியது. 2014-ல் அதே நிறுவனத்தார் உடற்பருமன் உள்ளவர்களுக்கு வெள்ளை அரிசியும் தவிடுள்ள அரிசியும் மாற்றி மாற்றிக் கொடுத்துச் சோதித்தனர். தவிடுள்ள அரிசி உண்ட நாட்களில் இரத்தச் சர்க்கரையின் ஏற்றம் ஏறத்தாழ 20 சதவிகிதம் குறைவாக இருந்தது. பயறு வகைகளைச் சேர்த்தபோது இன்னும் சற்றுக் குறைந்தது.

இதில் பாக்டீரியாக்களின் பங்கு என்ன? சீனாவில் நடந்த ஓர் ஆய்வு 2018-ல் வெளியாயிற்று. சர்க்கரை நோயாளிகள் 43 பேரில் ஒரு பகுதியினருக்கு முழுத் தானியங்களும் பலவகை நார்ப்பொருள்களும் நிறைந்த உணவு 84 நாட்கள் கொடுக்கப்பட்டது. அவர்கள் குடலில் சிறு கொழுப்பமிலங்களை ஆக்கும் குறிப்பிட்ட சில பாக்டீரியாக்கள் பெருகின. சர்க்கரைக் கட்டுப்பாடும் மற்றவர்களைவிட மேம்பட்டது. இந்தப் பாக்டீரியாக்களை எலிகளுக்கு மாற்றியபோது எலிகளிடமும் நற்பலன் தெரிந்தது.

துவர்ப்பும் கசப்பும்

நாரைத் தவிர, தாவரங்கள் தம்மைக் காத்துக்கொள்ள ஆக்கிவைத்துள்ள நிறப்பொருள்களும் துவர்ப்புப் பொருள்களும் உள்ளன. பாலிஃபீனால்கள் என்பது இவற்றில் ஒரு பெருங்குழு. வாழைப்பூவின் துவர்ப்பும், நாவற்பழத்தின் ஊதாவும், கருப்புக் கவுனி அரிசியின் கருமையும் இவற்றால் வருவன. இவற்றில் சிறிதளவே சிறுகுடலில் உட்கவரப்படுகிறது. பெரும்பகுதி பெருங்குடலுக்குச் சென்று பாக்டீரியாக்களால் மாற்றம் பெறுகிறது.

நெல்லிக்காயையும் மாதுளையையும் எடுத்துக்கொள்வோம். அவற்றிலுள்ள எல்லாஜிக் டானின்களைச் சில பாக்டீரியாக்கள் யூரோலித்தின் என்னும் பொருளாக மாற்றுகின்றன. உடலில் கலந்து வேலை செய்வது இந்த யூரோலித்தினே. ஆனால் அதனை ஆக்கும் பாக்டீரியா எல்லோரிடமும் இல்லை. ஒரே நெல்லிக்காயை உண்ட இருவரில் ஒருவருக்கு யூரோலித்தின் கிடைக்கிறது, மற்றவருக்குக் கிடைப்பதில்லை. ஒரு காய்க்கு 'குணம்' இன்னதென்று சொல்லும்போது, உண்பவரின் குடலையும் சேர்த்தே சொல்லவேண்டும் என்பது இதனால் தெளிவாகிறது.

மஞ்சளின் கதையும் சிந்திக்கத்தக்கது. 1998-ல் பெங்களூரில் நடந்த ஒரு சோதனையில், 2 கிராம் குர்குமினைத் தனியே உண்டவர்களின் இரத்தத்தில் அது ஏறக்குறைய காணப்படவே இல்லை. மிளகிலுள்ள பைப்பரின் 20 மில்லிகிராம் சேர்த்தபோது அது பன்மடங்கு உட்கவரப்பட்டது. ரசத்தில் மஞ்சளும் மிளகும் சேர்வதை எண்ணி நாம் பெருமிதம் கொள்ளலாம். ஆனால் கணக்கையும் போட்டுப் பார்க்கவேண்டும். மஞ்சள்தூளில் குர்குமின் ஏறத்தாழ 3 சதவிகிதமே. 2 கிராம் குர்குமினுக்கு 60 கிராமுக்கு மேல் மஞ்சள்தூள் வேண்டும். ஒரு சிட்டிகை மஞ்சள் அந்த வேலையைச் செய்யாது. அது உட்கவரப்படாமல் பெருங்குடலை அடைகிறது. அங்கே அதனை மாற்றவல்ல நொதி எஷரிக்கியா கோலையிடம் இருப்பதை ஜப்பானியர் 2011-ல் கண்டறிந்துள்ளனர்.

நம் வீடுகளில் புழங்கும் மெட்ஃபார்மின் மாத்திரைக்கும் ஒரு செடியே மூலம். ஐரோப்பாவில் வளரும் கலேகா என்னும் செடியிலிருந்த ஒரு பொருளின் வழியில் வந்தது அது. அதனைச் சர்க்கரை நோயாளிகளுக்குக் கொடுத்துப் பயன் கண்டு 1957-ல் வெளியிட்டவர் பிரான்சு நாட்டு மருத்துவர் ழான் ஸ்டேர்ன். அம்மருந்து குடல் பாக்டீரியாக்களின் அமைப்பையும் மாற்றுகிறது என்பதும், அதன் பயனில் ஒரு பகுதி அவ்வழியே வருகிறது என்பதும் அண்மைக்கால ஆய்வுகளால் தெரியவருகின்றன.

நம் அடுப்படியில்

இவற்றையெல்லாம் படித்தபின் நம் அடுப்படியைப் பார்ப்போம்.

பழைய சோறு: சோறு ஆறும்போது அதன் மாவுச்சத்தில் ஒரு பகுதி இறுகி எதிர்ப்பு மாவுச்சத்தாகிறது. 2015-ல் வெளியான இந்தோனேசிய ஆய்வின்படி, சுடுசோற்றில் 100 கிராமுக்கு 0.64 கிராமாக இருந்த அது, பத்து மணி நேரம் ஆறிய சோற்றில் 1.30 கிராமாக உயர்ந்தது. இரட்டிப்பு என்பது உண்மை. அளவு சிறிது என்பதும் உண்மை. பழைய சோற்றில் நீரில் ஊறிப் புளிக்கும்போது பெருகும் லாக்டிக் அமில பாக்டீரியாக்களும் சேர்கின்றன. குடல் அழற்சி நோயாளிகளுக்கு இது உதவுமா என்ற ஆராய்ச்சி சென்னை ஸ்டான்லி மருத்துவமனையில் எடுத்துக்கொள்ளப்பட்டது. ஆயினும் தட்டு நிறையப் பழைய சோறும் ஊறுகாயும் உண்டால் அது சர்க்கரை நோய்க்கு மருந்தாகிவிடாது. சின்ன வெங்காயம், மோர், கீரை ஆகியவற்றோடு அளவாக உண்பதே முறை.

கேழ்வரகு: இதன் மேல்தோல் மாவோடு இறுகப் பிணைந்திருப்பதால், அரிசியைப் போல எளிதில் தீட்ட முடிவதில்லை. முழுத் தானியமாகவே அரைபடுகிறது. பாலிஃபீனால்கள் மிகுந்திருப்பதும் அத்தோலில்தான். ஆடி மாதத்தில் மாரியம்மன் கோயில்களில் ஊற்றும் கூழை ஆண்டுக்கு ஒருமுறை மட்டும் குடிப்பது போதாது.

வெந்தயம்: ஐதராபாத் தேசிய உணவுக் கழகத்தார் சர்க்கரை நோயாளிகளுக்கு நாளொன்றுக்கு 100 கிராம் கொழுப்பு நீக்கிய வெந்தயப் பொடி பத்து நாட்கள் கொடுத்தனர். சிறுநீரில் வெளியேறும் சர்க்கரை 54 சதவிகிதம் குறைந்ததாக 1990-ல் வெளியிட்டனர். வெந்தயத்தின் வழவழப்பான நார் குளுக்கோஸ் உட்கவரப்படுவதைத் தாமதப்படுத்துகிறது. நாம் ஊறவைத்து உண்ணும் ஒரு கரண்டி வெந்தயத்தை அந்த 100 கிராமோடு ஒப்பிட்டுப் பார்த்தே பயனை மதிப்பிடவேண்டும்.

எச்சரிக்கைகள்

முதலாவது, சர்க்கரை நோய்க்குக் குடல் பாக்டீரியா ஒன்றே காரணமன்று. பரம்பரை, உடலுழைப்புக் குறைவு, உடற்பருமன், உணவின் மொத்த அளவு யாவும் காரணங்கள். ஆகவே எந்தக் காயையும் நம்பி மருத்துவர் கொடுத்த மாத்திரையை நிறுத்துவது ஆபத்து. இரண்டாவது, நாருணவைத் திடீரென மிகுதியாக்கினால் வயிறு உப்பும்; சிறிது சிறிதாகவே கூட்டவேண்டும். மூன்றாவது, 'சாறு', 'சத்து' என்று புட்டியில் விற்பவை முழு உணவுக்கு ஈடாகா. பாக்டீரியாக்களுக்கு வேண்டிய நார் அவற்றில் பெரும்பாலும் இருப்பதில்லை.

இன்னொன்றும் உண்டு. 2016-ல் வெளியான ஓர் ஆராய்ச்சியில், நாரற்ற உணவை எலிகளுக்குத் தலைமுறை தலைமுறையாகக் கொடுத்தனர். ஒவ்வொரு தலைமுறையிலும் சில பாக்டீரியா வகைகள் மறைந்துகொண்டே வந்தன. நான்காம் தலைமுறைக்கு மீண்டும் நாருணவு கொடுத்தும் மறைந்தவை திரும்பவில்லை. எலிக்கு நேர்ந்தது மனிதனுக்கும் அப்படியே நேரும் என்று சொல்லிவிட முடியாது. எனினும் நாம் இன்று உண்பது நமக்கு மட்டும் உரிய செய்தியன்று என்பதை இது உணர்த்துகிறது.

முடிவுரை

வள்ளுவர் 'மருந்து' என்று ஓர் அதிகாரம் வகுத்தார். அதில் ஒரு மூலிகையின் பெயர்கூட இல்லை. அளவறிந்து, முன் உண்டது செரித்தபின், உடலுக்கு ஒத்ததை உண்ணவேண்டும் என்பதையே அவர் திரும்பத் திரும்பச் சொல்கிறார். அதிசய மூலிகையைத் தேடி அலையும் இந்நாளில் இது நினைக்கத்தக்கது.

பத்தாயிரத்துக்கும் மேற்பட்டோரிடம் நடத்தி 2018-ல் வெளியிட்ட ஆய்வு, வாரத்தில் 30 வகைக்கு மேல் தாவர உணவு உண்பவர்களின் குடலில், 10 வகைக்குள் உண்பவர்களைவிடப் பலவகைப் பாக்டீரியாக்கள் வாழ்வதாகக் கூறுகிறது. நம் கல்லூரி நண்பர்களுக்கு ஒரு வேண்டுகோள். இந்த வாரம் நீங்கள் உண்ட தாவர வகைகளை ஒரு தாளில் எழுதிக் கூட்டிப் பாருங்கள். அரிசி ஒன்று, துவரம்பருப்பு ஒன்று, முருங்கைக்கீரை ஒன்று, சின்ன வெங்காயம் ஒன்று. விடுதியில் உண்பவர்களும் வீட்டில் உண்பவர்களும் தனித்தனியே எண்ணலாம். பின்னர் உங்கள் பாட்டியிடம், அவர் இளமையில் ஒரு வாரத்தில் உண்டவற்றைக் கேட்டு எழுதுங்கள். பண்ணைக்கீரை, தூதுவளை, கொள்ளு, கம்பு, பனங்கிழங்கு என்று அப்பட்டியல் நீளுமானால், இடையில் நாம் இழந்தது என்ன என்பது விளங்கும். அவற்றுள் பல இன்றும் நம் சந்தைகளில் கிடைக்கின்றன, விலையும் பெரிதன்று.

கழிமுகத்தில் இலை உதிர்வது நின்றுபோனால் மீன்வளம் மெல்லக் குன்றும். கரையில் நிற்பவர் கண்ணுக்கு அது உடனே தெரியாது. நம் குடலின் நிலையும் அதுவே. நால்வரில் ஒருவரைச் சர்க்கரை நோய் பற்றியுள்ள ஊரில், அடுத்த தலைமுறையாகிய நாம் தட்டில் வெள்ளைச் சோற்றைக் குறைத்துக் கீரையையும் பயறையும் காயையும் கூட்டுவோமாக.